பல்பை மாத்தியாச்சு… சூட்டை என்ன பண்றது?

(தேசிய எரிசக்தி சேமிப்பு தினமான டிசம்பர் 14 அன்று, உதகையில் மகளிர் சுய உதவிக் குழுவினரும் குடியிருப்போரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது உள்ளடக்கப் பிரிவு எழுத்தாளர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தரப்பட்டுள்ளது.)



இந்தக் குளிர்ல, ஞாயித்துக்கிழமை மாதிரி போர்வைக்குள்ள இருக்க வேண்டிய நேரத்துல, கரண்ட் பத்திப் பேசறதைக் கேட்க வந்திருக்கீங்க. அதுக்கே முதல்ல நன்றி. முன் வரிசையில இருக்கிற பாட்டி கம்பளியைத் தலையோட போர்த்திட்டு உட்கார்ந்திருக்காங்க. பாட்டி, நான் இன்னிக்குப் பேசப் போறதுல பாதி அந்தக் கம்பளியைப் பத்தித்தான்.

நான் மதுரைப் பக்கம். வேலைக்காக இங்கே வந்தபோது ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தேன். தனி மீட்டர். ஊர்ல எங்க வீட்டு பில் பல தடவை 100 யூனிட்டுக்குள்ளேயே முடிஞ்சிடும். உங்களுக்கே தெரியும், 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அதனால பணமே கட்டாம பழகினவ நான்.

இங்கே வந்ததும் முதல் வேலையா, ரூம்ல இருந்த மூணு குண்டு பல்பையும் கழட்டிட்டு எல்.இ.டி. பல்பு போட்டேன். நாமதான் மின் சிக்கனம் பத்தி ஊருக்கெல்லாம் எழுதறோமேன்னு ஒரு பெருமை. ரெண்டு மாசம் கழிச்சு மொபைலுக்கு மெசேஜ் வந்தது. 438 யூனிட்!

மீட்டர் பழுதுன்னுதான் நினைச்சேன். ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட போய் சண்டை போடாத குறை. அக்கா சிரிச்சுக்கிட்டே, "மீட்டர் சரியாத்தான் ஓடுது. நீ ரூம்ல என்னென்ன வெச்சிருக்கேன்னு ஒரு பேப்பர்ல எழுது" அப்படின்னாங்க. எழுதிப் பார்த்தேன். அந்தப் பேப்பர்தான் இன்னிக்கு என் பேச்சு.

பேப்பர்ல இருந்த கணக்கு

முதல்ல யூனிட்னா என்னன்னு பார்த்துடுவோம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். அவ்வளவுதான். வாட்டை மணியால பெருக்கி 1000 ஆல வகுத்தா யூனிட் வந்துடும். மொபைல்ல இருக்கிற கால்குலேட்டர் போதும்.

என் மூணு பல்பும் 9 வாட். தினம் 5 மணி நேரம், 60 நாள். போட்டுப் பாருங்க, 8 யூனிட்தான் வரும். ரைஸ் குக்கர், லேப்டாப், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு 40. குளிக்கிற தண்ணிக்குச் சுமார் 90. மிச்சம் 300 யூனிட்டும் ஒரே ஒரு பொருளோட வேலை. 2000 வாட் ரூம் ஹீட்டர், தினம் ரெண்டரை மணி நேரம்.

438ல வெளிச்சத்துக்குப் போனது 8. சூட்டுக்குப் போனது 390. நான் பல்புல மிச்சம் பிடிச்சது தப்பில்லை. ஆனா எங்கே அதிகம் போகுதோ அங்கே நான் திரும்பிக்கூட பார்க்கலை.

இன்னிக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். வீட்டுல எது வெளிச்சம் தருதோ அது கொஞ்சமா கரண்ட் குடிக்கும். எது சூடு தருதோ அது நிறைய குடிக்கும்.

குண்டு பல்பு ஒரு சின்ன ஹீட்டர்

இதுக்குக் குண்டு பல்பே நல்ல சாட்சி. அது உண்மையில ஒரு ஹீட்டர். உள்ளே இருக்கிற டங்ஸ்டன் இழை ரொம்பச் சூடாகி, அந்தச் சூட்டுல ஒளிருது. அது வாங்கற மின்சாரத்துல பத்துல ஒரு பங்குகூட வெளிச்சமா மாறறதில்லை. மிச்சமெல்லாம் சூடு. கோழிக்குஞ்சு வளர்க்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். குஞ்சுக்குக் கதகதப்பு வேணும்னா கூண்டுக்குள்ள ஒரு குண்டு பல்பைத்தான் தொங்கவிடுவாங்க.

எல்.இ.டி. அப்படி இல்லை. அதுல இழையே கிடையாது. குறைகடத்தி வழியா மின்சாரம் போகும்போது நேரடியா ஒளி வருது. வெள்ளை வெளிச்சம் தர எல்.இ.டி.க்கு அடிப்படை நீல எல்.இ.டி. அதைக் கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைச்சது. அடுத்த மாசமே, 2015 ஜனவரியில, நம்ம நாட்டுல உஜாலா திட்டம் வந்தது. இதுவரைக்கும் 36 கோடிக்கும் மேல எல்.இ.டி. பல்புகள் அந்தத் திட்டத்துல வீடுகளுக்குப் போயிருக்கு. மொத்தமா வாங்கினதால, திட்டத்துக்காகக் கொள்முதல் செஞ்ச விலை 310 ரூபாயிலேர்ந்து ரெண்டு மூணு வருஷத்துல 38 ரூபாய்க்கு இறங்கிச்சு.

60 வாட் குண்டு பல்பு தர வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தரும். வீட்டுல அஞ்சு பல்பு, தினம் 5 மணி நேரம்னா, ரெண்டு மாசத்துக்குக் குண்டு பல்புல 90 யூனிட். எல்.இ.டி.ல 14 யூனிட்டுக்கும் குறைவு. கட்டணமில்லாத 100 யூனிட்டை முழுக்கப் பல்புக்கே கொடுக்கிறதா, இல்ல மத்ததுக்கு மிச்சம் வைக்கிறதாங்கிற கேள்வி இது. இன்னும் குளியலறையிலயும் மாட்டுக்கொட்டகையிலயும் குண்டு பல்பு எரியுதுன்னா, தயவுசெய்து மாத்திடுங்க.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீங்க. அட்டையில 'லூமென்'னு ஒரு எண் இருக்கும். அதுதான் வெளிச்சத்தோட அளவு. ஒரே வாட்ல எதுக்கு லூமென் அதிகமோ அதுதான் சிக்கனம்.

போன கூட்டத்துல ஒரு அண்ணா கேட்டார். "ஏம்மா, இது குளிர்ப் பிரதேசம். குண்டு பல்பு சூடு தந்தா நமக்கு நல்லதுதானே?" நியாயமான கேள்வி. அந்தச் சூடு முழுக்க வீணில்லைதான். ஆனா பல்பு எங்கே இருக்கு? கூரைக்குக் கீழே. சூடான காத்து மேலேதான் போகும். நமக்குக் குளிர்றது கால்ல. சூடு வேணும்னா, வேண்டிய இடத்துல, வேண்டிய நேரத்துக்கு மட்டும் உண்டாக்கிக்கணும்.

ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட்

அடுத்தது தண்ணி. இங்கே குளிர்காலத்துல குழாய்த் தண்ணியைத் தொட்டா விரல் மரத்துப்போகும். 15 லிட்டர் வாளித் தண்ணியை 12 டிகிரியிலேர்ந்து 40 டிகிரிக்குச் சூடாக்க சுமார் அரை யூனிட் வேணும். கீசரோ ராடோ, எதுல போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஆளுக்கு ஒரு வாளின்னா ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். குளிக்கிறதுக்கு மட்டுமே கட்டணமில்லா 100 யூனிட் காலி.

அப்போ எனக்கு, ஒருத்திக்கு, 30 யூனிட்தானே ஆகியிருக்கணும்? 90 எப்படி ஆச்சு? காலையில போட்ட கீசரை நான் அணைக்கவே மாட்டேன். அது தண்ணியைச் சூடாக்கி நிறுத்தும். குளிர்ல அந்தச் சூடு மெல்ல வெளியே கசியும். திரும்ப ஆன் ஆகும். நான் ஆபீஸ்ல இருக்கேன், வீட்டுல கீசர் யாருக்காகவோ தண்ணி காய்ச்சிட்டிருக்கு.

கீசர்ல ஒட்டியிருக்கிற நட்சத்திரக் குறியீடு இந்தக் கசிவைத்தான் சொல்லுது. தண்ணியைச் சூடாக்கற வேகத்தை இல்லை. சும்மா நிற்கும்போது 24 மணி நேரத்துல எவ்வளவு சூட்டை இழக்குதுங்கிறதுதான் கணக்கு. நட்சத்திரம் கூடினா கசிவு குறைவு.

செய்ய வேண்டியது சுலபம். 15 லிட்டர், 2000 வாட் கீசர்னா குளிக்கிறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி போட்டா போதும். வீட்டுல எல்லாரும் அடுத்தடுத்துக் குளிச்சிடுங்க. ஒருத்தர் ஆறு மணி, ஒருத்தர் ஒன்பது மணின்னா கசிவுக்குக் கூலி கொடுக்கறோம்னு அர்த்தம். வெப்பநிலைத் திருகு இருந்தா 50 டிகிரி கிட்ட வைங்க. கொதிக்கக் கொதிக்கச் சுட வெச்சு, அப்புறம் பச்சைத் தண்ணி கலக்கிறதுல லாபம் இல்லை.

மாடியில இடம் இருக்கிறவங்க சூரிய வெந்நீர்க் கலனைப் பத்தி யோசிக்கலாம். குளிர் அதிகமா இருந்தாலும் வெயில் அடிச்சா அது வேலை செய்யும். மூடுபனி மூடின நாளுக்கு மட்டும் கரண்ட் துணை தேவைப்படும்.

"இது கம்மியா இழுக்கும்மா"

இப்போ அந்த 300 யூனிட்டுக்கு வருவோம். ரூம் ஹீட்டர் வாங்கப் போனபோது கடைக்காரர் மூணு வகை காட்டினார். சிவப்பா எரியற ராடு ஹீட்டர், காத்து ஊதற ஹீட்டர், எண்ணெய் நிரப்பின ஹீட்டர். "எண்ணெய் ஹீட்டர் விலை ஜாஸ்தி. ஆனா கரண்ட் கம்மியா இழுக்கும்மா"ன்னார். நானும் நம்பி வாங்கினேன்.

அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கரண்ட்டைச் சூடாக்கற எல்லா ரூம் ஹீட்டரும் ஒண்ணுதான். 1000 வாட் உள்ளே போனா 1000 வாட் சூடு வெளியே வரும். கூடவும் தராது, குறையவும் தராது. சிவப்பு ராடு எதிர்ல உட்கார்ந்தா உடனே மேல சூடு படும். ஊதற ஹீட்டர் சின்ன ரூமைச் சீக்கிரம் சூடாக்கும். எண்ணெய் ஹீட்டர் மெதுவா சூடாகும், அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பா இருக்கும். சூடு வர்ற விதம்தான் வேற. ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கிற சூடு ஒண்ணேதான்.

இதுக்கு ஒரே விதிவிலக்கு, குளிரூட்டவும் சூடேத்தவும் செய்யற ஏசி. அது சூட்டைப் புதுசா உண்டாக்கறதில்லை. வெளியில இருக்கிற காத்துலேர்ந்து சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவருது. அதனால ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூணு யூனிட் சூடு கிடைக்கும். உறைபனி விழற இரவுகள்ல அது குறையும். விலையும் அதிகம். தங்கும் விடுதி நடத்தறவங்களுக்குக் கட்டுப்படியாகலாம்.

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வழி, உண்டாக்கின சூட்டை வெளியே விடாம பிடிச்சு வைக்கிறதுதான். பகல்ல வெயில் படற பக்கத்து ஜன்னல் திரையைத் திறந்து வைங்க. வெயில் இறங்கினதும் மூடிடுங்க. கதவுக்கு அடியில இருக்கிற இடைவெளியில ஒரு பழைய புடவையைச் சுருட்டி வைங்க. தகரமோ ஷீட்டோ போட்ட லைன் வீடுன்னா, கூரைக்குக் கீழே ஒரு சீலிங் போட்டாலே ராத்திரி வித்தியாசம் தெரியும். வீடு முழுக்க வேண்டாம், எல்லாரும் தூங்கற ஒரே ரூமைச் சூடாக்கினா போதும்.

அதைவிடச் சிக்கனம், ரூமை விட்டுட்டு ஆளைச் சூடாக்கறது. இங்கேதான் பாட்டியோட கம்பளி வருது. கம்பளிக்கு யூனிட்டே கிடையாது. ஒன்றரை லிட்டர் ஹாட் வாட்டர் பேக்குக்கு ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்கு. மின்சாரப் போர்வை 80 வாட்னா, நாலு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. என் ஹீட்டரோ ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு யூனிட்.

இன்னொரு விஷயம். ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும்னு நினைக்காதீங்க. 101லேர்ந்து 200 வரைக்கும் குறைஞ்ச விலையில கிடைச்ச யூனிட்டும் அந்தச் சலுகையை இழந்துடும். ஒரு ஹீட்டர் ஒரு மாச அலட்சியத்துல அந்தக் கோட்டைத் தாண்ட வெச்சிடும்.

சிக்கனம்னு சொல்லி இதை மட்டும் செய்யாதீங்க

இப்போ சொல்லப் போறதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். ஆனா இதைச் சொல்லலைன்னா மேலே சொன்னதுக்கெல்லாம் அர்த்தம் இல்லை.

அந்த 438 யூனிட் பில் வந்த வாரம், பயந்துபோய் ஹீட்டரை எடுத்து அட்டைப்பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். பக்கத்துல ஒருத்தர், "ஒரு சட்டியில கொஞ்சம் கரி போட்டு உள்ளே வெச்சுக்கோ, பில்லே வராது"ன்னார். வெச்சேன். கதவுக்கு அடியில துணியும் வெச்சிருந்தேன். சூடு நல்லா இருந்தது. தூங்கிட்டேன். ராத்திரி ஒரு மணி இருக்கும். தாகமா இருக்கேன்னு எழுந்தேன். தலை பாரம். குமட்டல். கால் ஊன முடியலை. சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். வெளித் திண்ணையில விழுந்து கிடந்தேன். அக்கா வந்து பார்த்ததால இன்னிக்கு இங்கே நின்னு பேசறேன்.

இதுல வெட்கப்படற விஷயம் ஒண்ணு உண்டு. மூடின அறைக்குள்ள கரி மூட்டக் கூடாதுன்னு ஒரு எச்சரிக்கைக் குறிப்பை, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நானேதான் டைப் பண்ணிக் கொடுத்திருந்தேன். படிச்சது, எழுதினது எல்லாம் பில் பயத்துல மறந்துபோச்சு.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை வராத கனிஞ்ச கரியிலயும் அது வரும். நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போட அதைப் பிடிச்சுக்கும். உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், தூங்கிட்டா எழுந்திருக்க மாட்டோம். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் இப்படி உயிர் போன செய்திகளை நீங்களும் படிச்சிருப்பீங்க. மூடின குளியலறைக்குள்ள எரியற கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு.

அதனால கரி, விறகு, பார்பிக்யூ அடுப்பு எதுவும் தூங்கற அறைக்குள்ள வேண்டாம். நெருப்பு எரியற அறையில இடைவெளியை அடைக்கவே கூடாது. நான் சொன்ன பழைய புடவை, நெருப்பில்லாத அறைக்கு மட்டும்தான். ஒரே அறையில இருக்கிற பலருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல்னா ஜலதோஷம்னு நினைக்காதீங்க. உடனே எல்லாரையும் வெளிக்காத்துக்குக் கூட்டிட்டு வந்து 108ஐக் கூப்பிடுங்க.

கரண்ட் ஹீட்டருக்கும் ஒழுங்கு வேணும். துணி, மெத்தை, திரையிலேர்ந்து மூணு அடி தள்ளி வைங்க. மேலே துணி காயப் போடாதீங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க. நில இணைப்பு உள்ள 16 ஆம்பியர் சுவிட்ச்தான் சரி. ராடு போட்ட வாளியில கரண்ட் இருக்கும்போது விரலை விட்டுச் சூடு பார்க்காதீங்க. சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியைத் தொடணும்.

கையில இருக்கிற மொபைல்ல

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை பண்ணுங்க. மீட்டர்ல ஓடற யூனிட் எண்ணை மொபைல்ல போட்டோ எடுங்க. ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓட விடுங்க. திரும்ப ஒரு போட்டோ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்க ஹீட்டரோட உண்மையான பசி. கடைக்காரர் சொன்னதும் சரியா தப்பான்னு தெரிஞ்சிடும்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில, ரீடிங்கைப் போட்டோ எடுத்து வெச்சா, ரெண்டு மாசம் கழிச்சு வர்ற மெசேஜ் அதிர்ச்சியா இருக்காது. மின் வாரியத்தோட செயலியில இணைப்பு எண்ணைப் பதிஞ்சா பழைய பில்களையும் பார்க்கலாம். போன குளிர்காலத்தையும் கோடைக்காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. அந்த வித்தியாசம்தான் உங்க வீட்டுச் சூட்டோட விலை. புதுசா கீசரோ பல்போ வாங்கறதுக்கு முன்னாடி, எரிசக்தித் திறன் செயலகத்தோட நட்சத்திரக் குறியீட்டுச் செயலியில மாடலைத் தேடிப் பாருங்க. மீட்டர்ல சந்தேகம், பில்ல குழப்பம், கம்பி அறுந்து கிடக்கு, எதுவா இருந்தாலும் மின்னகம் எண் 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம்.

என் ரூமோட அடுத்த குளிர்காலக் கணக்கைச் சொல்லி முடிச்சுக்கிறேன். பல்பு அதே 8 யூனிட். குக்கர், லேப்டாப் அதே 40. கீசரை 20 நிமிஷத்துல அணைச்சதால 35. தூங்கறதுக்கு முன்னாடி ஹீட்டர் ஆயிரம் வாட்ல ஒரு மணி நேரம், அது 60. மின்சாரப் போர்வை 19. மொத்தம் 162 யூனிட். போன வருஷத்தைவிட நான் அதிகமா குளிரலை. கரிச்சட்டியைத் தொடவும் இல்லை.

சிக்கனம்னா நடுங்கிட்டு உட்கார்றது இல்லை. எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, கதகதப்பாவும் இருக்கலாம், பில்லையும் கட்டலாம், காலையில எல்லாரும் எழுந்தும் வரலாம்.

நாளைக்கே உங்க வீட்டுல ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. பக்கத்து வீட்டுல வயசானவங்க தனியா இருந்தா, அவங்க ராத்திரி எதை வெச்சுக் குளிர் காயறாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அது போதும்.